பொன்போல மினுங்கும் செப்புக்கல்



"பொன் கலந்த கல்லாம் அக்கா. தோட்டைக் குடுத்தால் தருவினமாம். வாங்கலாமோ?" என்று எமது தையல் வகுப்புக்கு வரும் ஒரு தங்கை அண்மையில் என்னிடம் கேட்டார். இடம்பெயர்ந்த காலம் முழுவதும் விற்காமல் காப்பாற்றி வைத்திருந்த தோடு அது. வாங்கவேண்டாம் என்றேன். காரணத்தை நீங்களும் அறிந்திருப்பது நல்லது.

மஞ்சளாக மினுங்கும் கற்களில் ஒன்று கல்கோபைரைற். பித்தளை நிறமானது. நாட்பட்டால் மயிற்கழுத்துப் போல நீலமும் ஊதாவும் அதில் படரும். அதன் நிறையில் மூன்றில் ஒரு பங்களவு செம்பு. மீதி இரும்பும் கந்தகமும். இதைப் பொன்னென்று நம்பி ஏமாந்தவர்கள் பல நாடுகளிலும் உண்டு.

வேறுபாட்டை நாமே கண்டுபிடிக்கலாம். வெள்ளைப் பீங்கான் கோப்பையின் அடியில் மினுக்கம் பூசாத சொரசொரப்பான விளிம்பு இருக்கும். அதில் கல்லை உரசுங்கள். பொன் என்றால் மஞ்சள் கோடு விழும். இந்தக் கல் பச்சை கலந்த கறுப்புக் கோடு போடும். சிறு துண்டைச் சுத்தியலால் தட்டினால் பொன் தகடாகும், இது தூளாகிவிடும். பொன் தண்ணீரைவிட 19 மடங்கு பாரம். இது 4 மடங்கு மட்டுமே. ஆனால் நெருப்பில் போட்டுப் பார்க்கவேண்டாம். கந்தகப் புகை மூச்சை அடைக்கும்.

பொன் இல்லை என்பதற்காக இது பயனற்ற கல் அல்ல. உலகில் செம்பு எடுக்கப்படும் கனியங்களில் முதன்மையானது இதுதான். எமது வீட்டு மின்கம்பி, தண்ணீர்ப் பம்பியின் மோட்டார், பித்தளைக் குத்துவிளக்கு எல்லாவற்றிலும் செம்பு இருக்கிறது. எமது நாட்டிலும் திருகோணமலை மாவட்டத்துச் சேருவிலவில் இரும்புத்தாதுவோடு சேர்ந்து இக்கனியம் இருப்பது 1971இல் கண்டறியப்பட்டது.

சுரங்கப் பாறையில் செம்பு பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு பங்குகூட இராது. பாறையை மாவாக அரைத்து, நீரில் எண்ணெய்ப்பசையுள்ள பொருள் சேர்த்து, காற்றை ஊதி நுரைக்கச் செய்வார்கள். செப்புத்தாது நுரையோடு மேலே வரும். வெறும் கல் அடியில் தங்கும். பிறகு தாதுவை உருக்கிச் செம்பைப் பிரிப்பார்கள்.

இம்முறைக்கு முன்னோடிகளில் ஒருவர் அமெரிக்கப் பெண்ணான கெரி எவர்சன். அவருடைய கணவர் சுரங்க முதலீட்டில் பெரும் பணத்தை இழந்தார். அதன்பின் கனியங்களைப் பற்றித் தாமே படித்துப் பரிசோதித்த கெரி, எண்ணெயும் அமிலமும் கொண்டு தாதுவைப் பிரிக்கும் முறைக்கு 1886இல் ஆக்கவுரிமை பெற்றார். அந்த உரிமைக்காலம் முடிந்த பின்னரே நுரைமுறை சுரங்கங்களில் பரவியது. அவருக்குச் செல்வம் சேரவில்லை. ஆனாலும் அவருடைய அறிவை எவராலும் பறிக்க முடியவில்லை.

சகோதரிகளே, நகையானாலும் காணி உறுதியானாலும், கைமாற முன்னர் விடயம் தெரிந்த இருவரிடமாவது காட்டிக் கேளுங்கள். "இப்பவே தாருங்கோ, ஒருவருக்கும் சொல்லவேண்டாம்" என்று அவசரப்படுத்துபவரிடம் எதையும் கொடுக்காதீர்கள்.