சும்மா கெடைக்குதாம் ஸ்கேன்

காரைக்குடியில் நடந்த ஒரு கூட்டத்தில் முற்போக்கு நண்பர் ஒருவர் சொன்னார்: "கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில எல்லாம் சும்மாதான் பாக்குறாங்க. உங்க ஆளுகதான் நோயை முத்தவிட்டுட்டு வர்றாங்க." அவர் நல்ல மனுஷர்தான். அதனால்தான் பதில் எழுத வேண்டியிருக்கிறது.

எங்க சின்னாத்தா சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவள். நடுமுதுகு விட்டுப்போய் இடது கால் மரத்துவிட்டது. எம்.ஆர்.ஐ. எடுத்து வரச் சொன்னார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது முக்கியமில்லை.

அரசு மருத்துவமனைகளில் ஸ்கேன் மையங்கள் நடத்துவது 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மருந்து வாங்குவதில் நாட்டுக்கே முன்மாதிரி என்று பேரெடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் ஸ்கேனுக்கு அது வைத்த கட்டணம் சி.டி.க்கு 500, எம்.ஆர்.ஐ.க்கு 2,500 ரூபாய். தனியாரைவிடக் குறைவு என்பார்கள். 2024-25இல் நூறுநாள் வேலைக்கு அறிவித்த கூலியே 319 ரூபாய். முதுகு விட்டுப்போனவள் எட்டுநாள் குனிந்து நிமிர்ந்தால் அவள் முதுகைப் படம் எடுக்கலாம்! காப்பீட்டு அட்டை இருக்கே என்றால், அதற்கு வருமானச் சான்று, அதற்கு வி.ஏ.ஓ., அவரைப் பிடிக்க இரண்டுநாள் கூலி.

அப்புறம் தூரம். காரைக்குடியிலிருந்து சிவகங்கை 40 கிலோமீட்டருக்கு மேல், மதுரை 90 அளவில். 1985இல் பிரிந்த மாவட்டத்துக்கு மருத்துவக் கல்லூரி வந்ததே 2012இல்தான். 2021 முதல் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, சரி. மதுரை போகிற பஸ்ஸில் அது செல்லாது.

ஆனால் எங்க தூரம் காரைக்குடியில் தொடங்குவதில்லை. பஸ் ஊருக்குள் வந்து திரும்பிவிடும், சேரிக்கு வராது. மரத்த காலை இழுத்துக்கொண்டு ஒன்றரை மைல், அதுவும் ஊர்த்தெரு வழியாக, திண்ணையில் இருப்பவன் "எங்கடி போறே" என்று கேட்பதற்குப் பதில் சொல்லிக்கொண்டு. அந்த ஒன்றரை மைலை அளந்து போட்டது எந்த எஞ்சினியர்? சாதிதான் அளந்தது.

சீட்டு எழுத ஒருநாள், படம் எடுக்க ஒருநாள், டாக்டரிடம் காட்ட ஒருநாள். கூட ஒரு ஆள். ஆறு கூலி போச்சு. "எனக்கு என்ன நோவுன்னு கண்டுபிடிக்கிறதுக்குள்ள வீட்டுல அரிசி தீந்துருமேடா" என்றாள். கட்டணத்தை எழுதும் கணக்குப் புத்தகத்தில் இந்த ஆறு கூலிக்கு ஒரு பத்தி கிடையாது.

எந்திரத்துக்கு இந்த வட்டாரத்தில் இடமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து மின்வேதியியல் ஆய்வகத்தையே கொண்டுவந்த ஊர் இது.

தாலுகா ஆஸ்பத்திரியில் எந்திரமும் அதை ஓட்ட ஆளும் வேண்டும். கட்டணத்தை எடுக்க வேண்டும். நோயாளிக்கும் துணைக்கும் பஸ் செலவு தர வேண்டும். கருணையாகக் கேட்கவில்லை.

சின்னாத்தா மூன்றாவது நாள் போகவே இல்லை. படம் மஞ்சப்பையில் ஆணியில் தொங்குகிறது. அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வருகிறேன். நண்பர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நோய் எங்கே முத்தியிருக்கிறது என்று சொல்லட்டும்.