அம்பது ராக்வெல் வந்தா போதுமாம்!

ரொம்ப நாளா மனசுல கிடந்த எரிச்சல், இன்னிக்கு கொட்டிடறேன். இரும்பு சமாச்சாரம் ஒத்துவராதவங்க அடுத்த பதிவுக்குப் போயிடலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

கொஞ்சம் குரோமியம் சேர்த்த உயர் கார்பன் எஃகுல ஸ்பிரிங் கிளிப். வரைபடத்துல 'ஆஸ்டெம்பரிங்'னு தெளிவா போட்டிருந்தது. சப்ளையர் சால்ட் பாத் செலவை மிச்சம் பிடிக்க எண்ணெயில குவென்ச் பண்ணி, டெம்பர் போட்டு அனுப்பிட்டார். கேட்டா, "ரெண்டுமே அம்பது ராக்வெல் சார், என்ன வித்தியாசம்?" மாட்டும்போது ஒண்ணு உடைஞ்சு தெறிச்சு, பக்கத்துல நின்ன பையனுக்கு நெத்தியில மூணு தையல். கண்ணுக்கு ரெண்டு விரக்கடை மேல.

வித்தியாசம் இதுதான்யா. எஃகைப் பழுக்கக் காய்ச்சினா ஆஸ்டெனைட். அது எந்த வெப்பநிலையில உருமாறுதோ அதை வெச்சுத்தான் உள்கட்டமைப்பு. 700 டிகிரி பக்கம் மாறினா கார்பன் சாவகாசமா நகர்ந்து தடிச்ச பெர்லைட். 550 பக்கம் நுண்ணிய பெர்லைட். அதுக்கும் கீழே பெய்னைட். அதுலயும் 400க்கு மேல உருவானா கார்பைடு தட்டுகளுக்கு நடுவுல உக்காந்துக்கும், விரிசல் அதைப் பிடிச்சே ஓடும். 300 பக்கம் உருவானா கார்பைடு தட்டுக்குள்ளேயே பொடிப்பொடியா சிதறிடும், எஃகு வளைஞ்சு கொடுக்கும். எண்ணெயில திடுதிப்புனு இறக்கினா மார்ட்டென்சைட். அந்தக் கடினத்துல அதை டெம்பர் பண்ணாலும், அதே அம்பது ராக்வெல் கீழ் பெய்னைட்டோட உடையாத்தன்மைக்குக் கிட்டக்கூட வராது. ராக்வெல் மெஷினுக்கு இதெல்லாம் தெரியாது, அது பள்ளத்தோட ஆழத்தை மட்டும்தான் பாக்கும்.

இது புதுசும் இல்ல. டேவன்போர்ட்டும் பெய்னும் 1930லயே எழுதி வெச்சாச்சு. குரோமியமும் மாலிப்டினமும் எதுக்கு? பெர்லைட்டைத் தாமதப்படுத்தி, பெய்னைட் வெப்பநிலைக்கு நிதானமா இறங்க நேரம் வாங்கித் தர. சிலிக்கான் கூட்டி, 200 டிகிரியில பத்து நாள் வெச்சு, 20-40 நானோமீட்டர் தட்டுகளோட பாதேஷியா குழு கேம்பிரிட்ஜ்ல எஃகு செஞ்சுது. பத்து நாள்! நம்மாளு அரை மணி நேர சால்ட் பாத்துக்கே அழறார்.

காசு குடுத்து அலாய் வாங்கிட்டு, வெப்பநிலையில கஞ்சத்தனம் பண்றது பொன்னி அரிசி வாங்கி அரைவேக்காட்டுல இறக்குற கதை.

"மார்ட்டென்சைட்தான் ராஜா"ன்னு சொல்றவங்க பின்னூட்டத்துக்கு தாராளமா வாங்க. வரும்போது மைக்ரோஸ்கோப் படத்தோட வாங்க. ராக்வெல் சீட்டு மட்டும் வேண்டாம், அது எங்கிட்டயே ஒரு கட்டு இருக்கு.