லைட்டு எரியுதுல்ல, அப்புறம் என்ன?

வீட்டு வயரிங்குக்கு நம்ம ஊர்ல ஒரே ஒரு பரீட்சைதான் இருக்கு. சுவிட்சைப் போட்டுப் பார்ப்பது. லைட் எரிந்தால் பாஸ், ஃபேனும் சுற்றினால் டிஸ்டிங்ஷன். "எரியுதுல்ல, அப்புறம் என்ன?" என்று சொல்லிவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கிவிடுவார்கள்.

இந்தப் பரீட்சையே தப்பு என்பதுதான் என் கருத்து. தப்பான வயரிங்கிலும் லைட் எரியும். சரியான வயரிங்கில் எரிவது போலவே, அதே வெளிச்சத்தில் எரியும். பல வருஷம் எரியும். அது தப்பு என்று தெரியவருகிற நாளில், அதைச் செய்தவர் பெரும்பாலும் அந்த இடத்தில் இருக்க மாட்டார். ஃபிரிட்ஜ் கதவைத் திறக்கப் போன அம்மாவோ, ஈரக் கையோடு மோட்டார் சுவிட்சைத் தொட்ட தாத்தாவோ இருப்பார்கள்.

பேப்பரைத் திறந்தால் வாரம் ஒரு முறையாவது "மின்கசிவு காரணமாக" என்று ஒரு செய்தி இருக்கும். அந்த வார்த்தை மேல எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கசிவு என்றால் மழைக்கு ஓட்டுக் கூரை ஒழுகுவது போல, யாரும் செய்யாமல் தானாக நடந்தது போலத் தோன்றும். கரண்ட் தன் பாதையை விட்டு உடம்பு வழியாகவோ சுவர் வழியாகவோ பூமிக்குப் போனால்தான் அது கசிவு. லூசான ஜாயிண்ட் சூடாகிப் பிடித்த தீ கசிவு அல்ல. தாங்க முடியாத லோடு ஏற்றி வயர் உருகினால் அதுவும் கசிவு அல்ல. வேறு வேறு நோய், வேறு வேறு மருந்து. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டதால், அந்த ஜாயிண்டை முறுக்கிய கை யாருடையது என்ற கேள்வியே வருவதில்லை.

2024 டிசம்பர் 12 இரவு, நம்ம திண்டுக்கல்லில் திருச்சி சாலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தது. ஒரு குழந்தை உட்பட குறைந்தது ஆறு பேர் இறந்தார்கள். லிஃப்ட்டுக்குள் சிக்கியவர்களைப் புகைதான் கொன்றது. அன்றைக்கும் முதலில் காதில் விழுந்த வார்த்தை மின்கசிவுதான். அது ஒரு பெரிய கட்டிடம். ஆனால் நம் வீட்டுச் சுவருக்குள்ளும் ஓடுவது பிவிசி உறை போட்ட வயர்தான். அது எரிந்தால் தீ நம்மிடம் வருவதற்கு முன்பே புகை வந்துவிடும்.

நம் வீடுகள் இந்த நிலைக்கு வந்ததற்கு ஒரு வரலாறு இருக்கு. குடிசைக்கு ஒரு பல்பு என்று கொடுத்த இணைப்புகள், பேகம்பூர், நாகல் நகர் பக்கத்துப் பழைய வீடுகளில் மரச்சட்டம் அடித்து ஓட்டிய வயரிங், எல்லாமே இரண்டு லைட், ஒரு ஃபேன், ஒரு ரேடியோ என்ற கணக்கில் போட்டவை. 2006-இல் இலவச கலர் டிவி வரத் தொடங்கியது. 2011-இல் மிக்சியும் கிரைண்டரும் ஃபேனும் வந்தன. அப்புறம் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஹீட்டர், இப்போது ஏசி. பொருள் எல்லாம் வீட்டுக்குள் வந்தது. வயர் மட்டும் மாறவில்லை. தண்ணீரும் மோட்டாரும் சேர்ந்த கிரைண்டருக்கு எர்த் கட்டாயம் வேண்டும். ஆனால் அது வந்து இறங்கிய பல வீடுகளில் மூணு ஓட்டை பிளக் பாயிண்டே இல்லை. பின்னை வெட்டி, வயரை நேராகச் சொருகி, நழுவாமல் இருக்கத் தீக்குச்சி வைத்தார்கள். கிரைண்டர் சுற்றியது. பரீட்சை பாஸ்.

இப்படிப் பாஸாகிற தப்புகளில் சிலதை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, சுவிட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போடுவது. ஆஃப் செய்தால் லைட் அணையும். ஆனால் ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். ஆஃப் பண்ணிட்டோம் என்ற தைரியத்தில்தான் பல்பு மாற்றக் கை வைப்போம்.

இரண்டாவது, எர்த் இல்லாத வீட்டில் "நியூட்ரல்லருந்து ஒரு பிட்டு வயர் எடுத்து எர்த் பின்னுல குடு, எல்லாம் ஒண்ணுதான்" என்று செய்வது. ஒண்ணு இல்லை. காற்றிலோ மழையிலோ வீட்டுக்கு வரும் நியூட்ரல் அறுந்துவிட்டது என்று வையுங்கள். போட்டிருக்கும் பல்பு வழியாக ஃபேஸ் இந்தப் பக்க நியூட்ரலுக்கு வரும். அங்கிருந்து அந்தப் பிட்டு வயர் வழியாக ஃபிரிட்ஜ் பாடிக்குப் போகும். எந்த ஃபியூஸும் போகாது. வீட்டில் கரண்ட் இல்லை என்றுதான் நினைப்போம். அந்த நேரம் ஃபிரிட்ஜ் கதவே லைவ்.

மூன்றாவது, அடிக்கடி ஃபியூஸ் போகுது என்று கேரியரில் தடிமனான கம்பியைச் சுற்றுவது. இதன் இன்றைய அவதாரம், 6 ஆம்பியர் எம்சிபி டிரிப் ஆகுது என்று 32 ஆம்பியர் எம்சிபி மாட்டுவது. எம்சிபி இருப்பது வயரைக் காப்பாற்ற. காவல்காரன் குரைக்கிறான் என்று அவன் வாயைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம்.

நான்காவது, முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட். 2 கிலோவாட் ஹீட்டர் 8.7 ஆம்பியர் இழுக்கும். ஜாயிண்ட் லூசாகி வெறும் அரை ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்துவிட்டால், ஐ ஸ்கொயர் ஆர் கணக்குப்படி அந்த ஒரு புள்ளியில் சுமார் 38 வாட் சூடு. நம் லேபில் இருக்கிற சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைவிடச் சூடான ஒன்றைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டோம். கரண்ட் கூடவில்லை, அதனால் எம்சிபி பேசாது. பூமிக்குப் போகவில்லை, அதனால் ஆர்சிசிபியும் பேசாது. முதலில் தெரிவது பிளாஸ்டிக் கருகும் வாசனை மட்டும்தான்.

ஐந்தாவது, இன்வெர்ட்டர். 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போன காலத்தில் வீடு வீடாக இன்வெர்ட்டர் ஏறியது. எந்த லைன் இன்வெர்ட்டரில் இருக்கிறது, எது ஈபியில் இருக்கிறது என்று பல வீடுகளில் யாருக்கும் தெரியாது. "மெயினை ஆஃப் பண்ணியாச்சு" என்று சொல்லிக் கை வைப்பவருக்குப் பேட்டரி வழியாக 230 வோல்ட் காத்திருக்கும்.

வயரிங்கே இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துணி காயப்போடும் கொடிக்கம்பி. சர்வீஸ் வயரைத் தாங்கும் ஜிஐ கம்பியிலோ, அது உரசுகிற ஆணியிலோ கட்டிய இரும்புக் கொடி, ஐப்பசி மழையில் சர்வீஸ் வயரின் உறை கிழிந்த அன்றைக்குத் துணி எடுக்கப் போனவரைக் கொல்லும். நைலான் கயிறு கட்டினால் இந்த ஆபத்தே இல்லை.

"எம்சிபி இருக்கே, ஷாக் அடிச்சா கட் ஆயிடுமே" என்பார்கள். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஈரக் கையோடு இருப்பவரின் உடல் ரெசிஸ்டன்ஸ் சுமார் 1000 ஓம் என்று வைத்தால், 230 வோல்ட்டில் பாய்வது 0.23 ஆம்பியர். பழைய 75 வாட் சீலிங் ஃபேன் இழுப்பதே 0.33 ஆம்பியர். 6 ஆம்பியர் எம்சிபியின் கண்ணுக்கு, ஷாக் அடித்துத் துடிப்பவர் ஓடுகிற ஒரு ஃபேனைவிடச் சின்ன லோடு. அது ஏன் டிரிப் ஆகணும்? ஆனால் இதயத்தின் துடிப்பைக் குலைக்க 0.1 ஆம்பியரே போதும்.

மனுஷனைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி. ஃபேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பிய கரண்டும் சமமா என்று மட்டும் அது பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொடுவதற்குள் நொடியில் ஒரு சிறு பங்கு நேரத்தில் கட் செய்துவிடும். ஒரே சமயத்தில் ஃபேஸையும் நியூட்ரலையும் தொட்டால் மட்டும் அதற்குத் தெரியாது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இதை மின் இணைப்புகளுக்குக் கட்டாயம் ஆக்கியிருக்கிறது. விலை ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய், குடும்பத்தோடு ஒரு தடவை பிரியாணிக் கடைக்குப் போய்வரும் செலவு. இருந்தும் மாட்டிய சில வீடுகளில்கூட "சும்மா சும்மா விழுது" என்று பைபாஸ் செய்துவிடுகிறார்கள். அது சும்மா விழுவதில்லை. நியூட்ரலும் எர்த்தும் எங்கேயோ கலந்திருக்கு, அல்லது ஏதோ ஒரு பொருள் கசியுது. நல்ல சாமான் உண்மையைச் சொன்னதற்காக அதைக் கழற்றிப் போடுகிறோம். கள்ளனுக்குப் பயந்து வாசலில் மாங்காய்ப் பூட்டு தொங்கவிடுகிற ஊர் நம்ம ஊர். மீட்டர் பெட்டி பக்கத்தில் மட்டும் இந்தக் கஞ்சத்தனம்.

எதிர்த் தரப்பில் இரண்டு நியாயங்கள் உண்டு, அதையும் பேசணும். ஒன்று, "ஒரு சுவிட்ச் மாத்த வயர்மேன் வரமாட்டேங்கிறார், வந்தா ஐநூறு கேக்கிறார்." இதற்கு விதியே இடம் கொடுத்திருக்கு. பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை, அளவும் தன்மையும் மாறாமல் மாற்றிக்கொள்ள உரிமம் தேவையில்லை. புது லைன் இழுப்பது, பாயிண்ட் கூட்டுவது, லோடு ஏற்றுவது என்றால்தான் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரும் தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளரும் வேண்டும். கோடு தெளிவாகத்தான் இருக்கு. நாம் அதைத் தாண்டுவது பெரும்பாலும் "ஒரே ஒரு பாயிண்ட்தானே" என்று சொல்லித்தான்.

இரண்டாவது, "லைசன்ஸ் வச்சிருக்கிறவரும் அதே டேப்பைத்தானே சுத்துறார்?" உண்மைதான், அப்படிப்பட்டவர்களும் உண்டு. அதற்குக் காரணம், வேலை முடிந்ததும் நாம் யாரும் டெஸ்ட் ரிப்போர்ட் கேட்பதில்லை. வயரிங்குக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 732. அதன்படி, சுவிட்ச் ஃபேஸில்தான் இருக்கிறதா, எர்த் கடைசி பாயிண்ட் வரை தொடர்கிறதா, இன்சுலேஷன் தாங்குகிறதா என்றெல்லாம் சோதித்துப் பார்த்த பிறகுதான் கரண்ட் கொடுக்கணும். உண்மையான பரீட்சை அதுதான். லைட் எரிவது அதில் ஒரு பேப்பர்கூட இல்லை.

இப்போ நம்ம கதைக்கு வருவோம். முதல் வருஷ இன்ஜினியரிங் பிராக்டிசஸ் லேபில் வீட்டு வயரிங், ஸ்டேர்கேஸ் வயரிங் செய்தோம். மரப்பலகையில் வயர் ஓட்டி, பல்பு எரிந்ததும் கையெழுத்து வாங்கினோம். நாமும் "எரியுதுல்ல" பரீட்சையில்தான் பாஸானோம். அந்த நோட்டில் எர்த் ரெசிஸ்டன்ஸ் அளக்கும் பயிற்சியும் இருக்கு, எத்தனை பேருக்கு ஞாபகம்? பட்டமும் வயரிங் தகுதிச் சான்றும் வேறு வேறு. மின்கம்பியாள் உதவியாளர் தேர்வு எழுதவே பல வருஷம் நேரடி அனுபவம் கேட்கிறார்கள். நமக்கு இருப்பது ஒரு செமஸ்டர், அதுவும் பலகை மேல்.

அதோடு ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் நம்ம பசங்க நிலைமையைப் பாருங்கள். 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று. அதில் 1500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடு, 1000 வாட் அயர்ன் பாக்ஸ், 700 வாட் ரைஸ் குக்கர். ஒரே நேரத்தில் ஓடினால் கிட்டத்தட்ட 14 ஆம்பியர். ஓம்ஸ் லா எழுதி மார்க் வாங்கியவன் தலைமாட்டில்தான் இந்த பாக்ஸ் சூடாகிக்கொண்டிருக்கு.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனால் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். ஆர்சிசிபி இருந்தால் அதில் 'டி' என்று எழுதிய பட்டனை அழுத்துங்கள். விழவில்லை என்றால் மாற்றணும். ஃபிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின் பிளக்கில் மூணு பின்னும் இருக்கா பாருங்கள். எந்த சுவிட்ச் போர்டாவது சூடாக இருக்கா, கருகியிருக்கா என்று பாருங்கள். கொடிக்கம்பி எங்கே கட்டியிருக்கு என்று பாருங்கள். இதில் எதற்கும் எதையும் கழற்றத் தேவையில்லை.

அப்போது பக்கத்து வீட்டுச் சித்தப்பா கட்டாயம் கூப்பிடுவார். "டேய், நீ ட்ரிபிள்-ஈதானே? மாடிக்கு ஒரு லைன் இழுத்துக் குடுப்பா." மானப் பிரச்சினை மாதிரி தோணும். பரவாயில்லை. "எனக்குக் கணக்கு தெரியும் சித்தப்பா, வேலை தெரியாது. வயர்மேனைக் கூப்பிடுங்க, நான் கூட நின்னு டெஸ்ட் பண்ணச் சொல்றேன்" என்று சொல்லிவிடுங்கள். அவர் சிரிப்பார், "நாலு வருஷம் என்னத்தடா படிச்ச" என்று கேட்பார். கேட்டுவிட்டுப் போகட்டும்.