போனான், போனாள், போனார்கள் - எல்லாம் "வென்ட்" தான்!

பையன் மூன்று நாள் காய்ச்சலில் படுத்து விட்டான். நான்காம் நாள் குளித்து முழுகி, பள்ளிக்கூடத்துக்குப் போகிறான். கையில் லீவு லெட்டர். அதில் "ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று எழுதி இருக்கிறது.

"காய்ச்சலால் கஷ்டப்பட்டுக் கொண்டு இருக்கிறேன்" என்று அதற்குப் பொருள். இப்போதும் காய்ச்சல் அடித்தால் பள்ளிக்கூடத்துக்கு ஏன் வந்தான்?

வாத்தியார் இதைக் கேட்பது இல்லை. அவர் படித்த காலத்திலும் லீவு லெட்டர் அப்படித்தான் இருந்தது! "ஆம்" என்பதை எடுத்து விட்டு "வாஸ்" என்று போட்டால் தீர்ந்தது. ஆனால், யாரும் போடுவது இல்லை.

இது சின்னத் தப்புதானே என்று தோன்றும். பள்ளிக்கூடத்தில் சின்னத் தப்புதான். அரை மார்க்கு போகும். பிழைக்கப் போன இடத்தில் அது சின்னத் தப்பு அல்ல.

இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் தமிழ்ப் பெண் ஒருத்தி நர்சாக வேலை பார்க்கிறாள் என்று வைத்துக் கொள்வோம். இரவு வேலை முடிந்து, காலையில் வரும் நர்சிடம் பொறுப்பை ஒப்படைக்கிறாள். "மாத்திரை கொடுத்தேன்" என்று சொல்ல வேண்டும். அதற்கு "கேவ்" என்ற சொல் வேண்டும். அவசரத்தில் "ஐ கிவ்" என்று சொல்லி விடுகிறாள். கேட்டவள் என்ன நினைப்பாள்? கொடுத்தாகி விட்டதா, இனிமேல்தான் கொடுக்க வேண்டுமா? நோயாளிக்கு ஒரே மாத்திரை இரண்டு தடவை போகலாம். போகாமலும் இருக்கலாம்.

துபாயில் மின்சார வேலை செய்கிறவருக்கும் இதே கதைதான். மெயின் சுவிட்சை "ஸ்விட்ச்ட் ஆஃப்" என்றால் அணைத்தாகி விட்டது. "ஸ்விட்ச் ஆஃப்" என்றால் இன்னும் அணைக்கவில்லையோ என்னவோ! நடுவில் இருக்கும் அந்தக் குட்டி "ட்" டில், கம்பியைத் தொடுகிறவனின் உயிர் இருக்கிறது.

தமிழை விட எளிது!

ஆங்கில இறந்த காலம் கஷ்டம் என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். உண்மையில் இந்த ஒரு விஷயத்தில் ஆங்கிலம் தமிழை விட எளிது.

வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தோம், வந்தீர்கள், வந்தார்கள், வந்தன. பத்துச் சொற்கள்! நாலு வயதுத் தமிழ்க் குழந்தை இத்தனையையும் பிசகாமல் சொல்கிறது. ஆங்கிலத்தில் இந்தப் பத்துக்கும் ஒரே சொல்தான்: "கேம்". அண்ணன் வந்தாலும் "கேம்". அத்தை வந்தாலும் "கேம்". ஆடு மாடு வந்தாலும் "கேம்". "வாஸ்", "வேர்" என்ற ஒரு ஜோடி மட்டும்தான் ஆளுக்குத் தக்கபடி மாறும்.

பெரும்பாலான சொற்களுக்குக் கடைசியில் "ஈ-டி" என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்தால் போதும். ஆனால், எழுதுவது போலவே வாசிக்கக் கூடாது. "வாக்கெட்", "குக்கெட்" என்று நீட்டுவது நம் ஊர் வழக்கம். "வாக்ட்", "குக்ட்" என்று ஒரு தட்டுத் தட்டி விட்டுவிட வேண்டும். "வான்ட்", "நீட்" போல முன்பே "ட்" ஓசையில் முடியும் சொற்களுக்கு மட்டும் "வான்டெட்", "நீடெட்" என்று நீளும்.

அடங்காத சொற்கள்

இந்த விதிக்கு அடங்காத சொற்கள் சுமார் 200 இருக்கின்றன. "கோ" என்பது "வென்ட்" ஆகிறது. ஏன் இப்படி?

முன்பு "கோ" வுக்கு வேறு ஓர் இறந்த காலச் சொல் இருந்தது. "வென்ட்" என்பது "வெண்ட்" என்ற இன்னொரு சொல்லின் பிள்ளை. அதற்கும் செல்வது என்றுதான் பொருள். சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் "கோ" அந்தப் பிள்ளையைச் சுவீகாரம் எடுத்துக் கொண்டது. பறிகொடுத்த "வெண்ட்", தனக்கு "வெண்டெட்" என்று புதிதாக ஒன்றை வைத்துக் கொண்டது!

தமிழிலும் இது உண்டு. "வா" என்பது "வந்தான்" ஆகிறது. "சா" என்பது "செத்தான்" ஆகிறது. சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், இறந்த காலத்துக்கு த், ட், ற், இன் என்று நாலு அடையாளம் சொல்கிறது. செய்தான், உண்டான், தின்றான், ஓடினான். இதை யாராவது பட்டியல் போட்டு உங்கள் வீட்டுக் குழந்தைக்குக் கற்றுக் கொடுத்தார்களா?

1958-ல் அமெரிக்காவில் ஜீன் பெர்க்கோ என்ற பெண்மணி ஒரு சோதனை நடத்தி வெளியிட்டார். ஆங்கிலத்தில் இல்லாத பொய்ச் சொற்களைச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுத்து, "நேற்று அவன் என்ன செய்தான்?" என்று கேட்டார். கேட்டறியாத சொல்லுக்கும் பிள்ளைகள் இறந்த காலம் சொன்னார்கள்! வெள்ளைக்காரக் குழந்தைகளே "வென்ட்" என்பதற்குப் பதில் "கோயெட்" என்று சொல்வது உண்டு. அது முட்டாள்தனம் அல்ல. விதி மனதில் ஏறி விட்டதற்கு அடையாளம். அப்படிச் சொல்லும் நம் பிள்ளையை மட்டும் பெஞ்சு மேல் ஏற்றுவானேன்?

"டிட்" வந்தால்...

பிள்ளைகள் அதிகமாகச் சறுக்கும் இடம் இது. "நான் போகவில்லை" என்பதற்கு "ஐ டிட் நாட் வென்ட்" என்கிறார்கள். "ஐ டிட் நாட் கோ" என்பதே சரி.

"டிட் வந்தால் முதல் வடிவம் போடு" என்று விதி சொல்லிக் கொடுக்கிறார்கள். பையன் நூறு தடவை எழுதுகிறான். நூற்றோராவது தடவை "வென்ட்" என்கிறான்! அவன் வாயில் இருக்கும் தமிழை எடுத்துக் காட்டினால் ஒரே நாளில் விளங்கும்.

"போனேன்" என்கிறோம். அதை மறுக்கும்போது "போனேன் இல்லை" என்றா சொல்கிறோம்? "போகவில்லை" என்கிறோம். இறந்த காலம் காட்டிய "போனேன்" மறைந்து விடுகிறது. வெறும் "போக" மிஞ்சுகிறது. ஆங்கிலமும் அதையேதான் செய்கிறது. "வென்ட்" மறைந்து "கோ" வருகிறது. "டிட் நாட் வென்ட்" என்பது "போனேனவில்லை" என்று சொல்வது போல! இதைக் கேட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்தவன் மறக்க மாட்டான்.

கேள்விக்குத் தமிழ் இப்படி உதவாது. "போனாயா?" என்று நாம் "ஆ" சேர்க்கிறோம், அவர்கள் "டிட் யூ கோ?" என்கிறார்கள். அங்கேயும் இறந்த காலத்தை "டிட்" சுமந்து கொள்கிறது. ஒரு மூட்டையை இரண்டு பேர் தலையில் ஏற்ற வேண்டாம்.

படித்த பெரியவர்கள் வேறு விதமாகச் சறுக்குகிறார்கள். "நேற்று மதுரைக்குப் போயிருந்தேன்" என்பதை அப்படியே "ஐ ஹேட் கான்" என்று மொழிபெயர்க்கிறார்கள். "ஹேட்" போட்டால் கௌரவம் என்று ஓர் எண்ணம்! நடந்து முடிந்த இரண்டு காரியங்களில் எது முந்தியது என்று காட்டத்தான் "ஹேட்". மதுரைக்குப் போனதை மட்டும் சொல்ல "வென்ட்" போதும்.

மூன்று வரிசைப் பாட்டு

"கோ - வென்ட் - கான்" என்று மூன்று வரிசையாக ராகம் போட்டுப் பாட வைப்பது இன்றும் பல வகுப்புகளில் நடக்கிறது. பாட்டு வருகிறது, பேச்சு வருவது இல்லை. தொடக்கத்தில் மூன்றாவது வரிசையை மூடி வைப்பதே நல்லது. அதையும் சேர்த்து உருப்போட்ட பிள்ளை "ஐ கான்" என்று சொல்லிக் குழம்புகிறது.

மனப்பாடமே கூடாது என்பது அல்ல. அடங்காத சொற்களை மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும். ஆனால் 200-ம் ஒரே நாளில் வேண்டாம். வென்ட், கேம், சா, ஏட், கேவ், டுக், பாட், செட் என்று தினசரி வாழ்க்கைக்கு வேண்டிய இருபது சொற்கள் முதலில் போதும். அவற்றை வைத்து, நேற்று நடந்ததை ஐந்து வாக்கியத்தில் பிள்ளை சொல்லட்டும். சந்தைக்குப் போனது, தோசை சாப்பிட்டது, தம்பியோடு சண்டை போட்டது - எதுவானாலும் சரி.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாதே, யார் திருத்துவது? அம்மாவே திருத்தலாம். அடுப்படியில் வேலை செய்தபடியே காது கொடுத்தால் போதும். ஒரே வாக்கியத்தில் "டிட்" டும் கேட்டு "வென்ட்" டும் கேட்டால், கரண்டியை ஆட்டி, "மறுபடி சொல்லு!" என்று சொல்லலாம்.