ஒரு டெராபைட் வாங்கினால் 931 தானா?

போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலத்தில் கிலோவுக்கு 1,000 கிராம். அதில் வாய்த்தகராறுக்கு இடமில்லை. பக்கத்துப் பொட்டிபுரம் மலைக்குள் வைக்கத் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகக் கருவிக்கு 50 கிலோடன் எடை, அதாவது 50,000 டன். அங்கேயும் கிலோ ஆயிரம்தான்.

கணினிக்கு வந்தால்தான் குழப்பம்.

1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் வாங்கி விண்டோஸில் செருகினால் 931 ஜிபி என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பலர் கொதிக்கிறார்கள். பாவம், அவர் மேல் தப்பில்லை. தயாரிப்பாளர் சொன்ன ஒரு லட்சம் கோடி பைட்டும் உள்ளே இருக்கிறது. அதை விண்டோஸ் ஆயிரத்தால் வகுக்காமல், இரண்டின் அடுக்கான 1,024ஆல் மூன்று முறை வகுக்கிறது. கிலோபைட்டில் இரண்டரை சதவீதம்கூட வராத வித்தியாசம், ஜிபியில் ஏழைத் தாண்டுகிறது. டெராபைட்டில் பத்தை நெருங்குகிறது.

1,024 கணக்குக்கு 'கிபிபைட்', 'ஜிபிபைட்' என்ற தனிப்பெயர்களைச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998லேயே கொடுத்துவிட்டது. ஆப்பிள் 2009இல் மேக் கணினிகளை ஆயிரத்துக்கு மாற்றியது. விண்டோஸ் மட்டும் பழைய கணக்கைப் போட்டு, அதற்கு ஜிபி என்றே பெயர் வைத்திருப்பது வீண் பிடிவாதம்.

அமெரிக்காவில் இந்த வித்தியாசத்துக்காக ஹார்ட் டிஸ்க் தயாரிப்பாளரான வெஸ்டர்ன் டிஜிட்டல் மீது வழக்கும் நடந்தது. 2006 சமரசத்தில் வாடிக்கையாளருக்குக் கிடைத்தது இலவச பேக்கப் மென்பொருள்!

கோபத்தைச் செல்போன் பக்கம் திருப்பலாம். 64 ஜிபி போனில் இயங்குதளமும் அழிக்க முடியாத செயலிகளும் உண்மையிலேயே இடத்தைத் தின்கின்றன. வாங்குபவருக்கு மிஞ்சும் இடத்தைப் பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் அச்சிட அரசு கட்டாயப்படுத்த வேண்டும்.