மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிளும் மறுக்கப்பட்ட கணினியும்

இக்கிழமை வந்த கடிதங்களுள் முல்லைத்தீவு அன்பர் ஒருவருடையது என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. உயர்தரம் பயிலும் மகளுக்காக அவர் வாங்கிய பழைய மேசைக் கணினி ‘கோர் 2 டுவோ’ வகையைச் சேர்ந்தது. விண்டோஸ் 10 இற்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடியும் என முன்னதாகவே அறிந்து, விண்டோஸ் 11 ஐ ஏற்ற முயன்றார். ‘இக்கணினி தகுதியற்றது’ என்ற மறுப்பே கிடைத்தது. அயலிளைஞர் ஒருவர் ஒட்டுப்போட்ட பிரதியொன்றினால் அத்தடையைக் கடந்து கொடுத்தார், நன்றாகவே ஓடியது. பின்னர் 24எச்2 என்னும் பதிப்பை ஏற்றியது முதல், சின்னம் தோன்றுவதும் மறைவதுமாக இருக்கிறதேயன்றி உள்ளே போகவில்லை. மகளின் ஈராண்டுக் குறிப்புகள் யாவும் அதனுள்ளே. வேறு ஒட்டு உண்டா என்பது அன்பரின் கேள்வி.

1990 களில் வன்னியில் பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தை மூத்தோர் மறந்திரார். அன்று மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆயினும், குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே முதலில் சில துளி பெற்றோல் விட்டே உதைப்பார்கள். சூடேறிய பின்னர் புகைந்துகொண்டாயினும் வண்டி போகும். அந்தச் சில துளியும் இல்லையேல் எத்தனை உதை உதைத்தும் பயனில்லை. (உதைத்துக் கால் வீங்கியவர்களுள் அடியேனும் ஒருவன்.)

கணினியிலும் இவ்விரு நிலைகள் உண்டு. ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு உண்டா, செயலி அங்கீகரித்த பட்டியலில் உள்ளதா என்று கேட்பவன் வாயிற்காவலன். ஒட்டு அவனுடைய கண்ணைக் கட்டுகிறது, அவ்வளவே. உள்ளே போனபின் வேலை செய்யவேண்டியது செயலியல்லவா? 2024 இல் வெளியான 24எச்2, ‘பொப்கவுண்ட்’ என்னும் கட்டளையைச் செயலியிடம் எதிர்பார்க்கிறது. ஓர் எண்ணை இரும முறையில் எழுதினால் எத்தனை ஒன்றுகள் வரும் என எண்ணிச் சொல்லும் சிறு கட்டளை அது. இன்ரெல் செயலிகளில் அது 2008 இன் கோர் ஐ7 உடனேயே வந்தது. அதற்கு முந்திய கோர் 2 டுவோ அக்கட்டளையை அறியாது. ஆகவே திகைத்து, மீண்டும் தொடக்கத்துக்கே திரும்புகிறது. இதற்கு ஒட்டுக் கிடையாது. ஓசை வராமை, திரைப்படம் பருத்துத் தெரிதல் போன்றவையாயின் ‘டிரைவர்’ எனும் துணைமென்பொருளைத் தேடித் தீர்த்துக்கொள்ளலாம். இது அவ்வகை அன்று.

அன்பர் முதலிற் செய்யவேண்டியது, ஒன்றும் செய்யாதிருத்தலே. எவர் சொன்னாலும் வன்தட்டை அழித்து மறுபடி நிறுவ இணங்கற்க. வேறொரு கணினியில் லினக்ஸ் மின்ற்றை யூ.எஸ்.பி. குச்சியொன்றில் தயாரித்து, நிறுவாமல் குச்சியிலிருந்தே இயக்குக. வன்தட்டில் ‘யூசர்ஸ்’ என்னும் உறையினுள் மகளின் கோப்புகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அவற்றை வேறொரு குச்சிக்குப் பிரதிசெய்து, திறந்து பார்த்து உறுதிசெய்த பின்னரே மேற்கொண்டு யோசிக்கலாம்.

பழைய விண்டோஸ் 11 க்குத் திரும்புவதை நான் விரும்பேன். வீடுகளுக்குரிய 23எச்2 பதிப்பின் பாதுகாப்புத் திருத்தங்களும் 2025 நவம்பரில் நின்றுவிட்டன. குச்சியில் ஓடிய லினக்ஸையே அக்கணினியில் நிறுவலாம். தமிழில் தட்டெழுதவும் கட்டுரை ஆக்கவும் அது போதும். பாடத்துக்கு விண்டோஸ் மென்பொருள் ஏதேனும் கட்டாயமெனில், ஆசிரியரிடம் முதலில் கேட்டறிக.

கோப்புகள் கிடைத்தனவா என்று அன்பர் ஒரு வரி எழுதுவாராக.