ஆணி ஒன்று, காலண்டர் நாலு!

மார்கழி பிறந்துவிட்டால் வீட்டுக்குக் காலண்டர்கள் வரத் தொடங்கிவிடும். நகைக்கடை, மளிகைக்கடை, மெடிக்கல் ஷாப், ஜவுளிக்கடை என்று ஆளுக்கொன்று தருவார்கள். ஆனால், ஹால் சுவரில் இருப்பதோ ஒரே ஆணி. அதைப் பிடிப்பது யார் என்பதில்தான் சின்னக் கடைக்காரர்களின் விளம்பரச் செலவு பலிப்பதும் வீணாவதும் இருக்கிறது.

பெரும்பாலும் ஜெயிப்பது, பாட்டி கண்ணாடி போடாமலே தேதியும் ராகு காலமும் படிக்க முடிகிற காலண்டர்தான். தினமும் தாளைக் கிழிக்க யாராவது அதன் முன்னால் போய் நின்றாக வேண்டும். வருஷத்துக்கு 365 தடவை கடைப் பெயர் கண்ணில் படும். பேனாவும் கீ செயினும் கொடுப்பவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு சிவகாசி பக்கத்திலேயே இருப்பது பெரிய வசதி. அங்கே ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த வருஷத்து காலண்டர் ஆல்பம் வெளியாகி, ஆர்டர் பிடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அப்போதே போய், மாதிரித் தாளை வாங்கி, பத்தடி தள்ளி மாட்டி, வீட்டுப் பெரியவரைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள்.

சாமி படத்துக்குத் தனி மவுசு உண்டு. கோவில்பட்டியில் கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த காலண்டர் படங்கள், வருஷம் முடிந்த பிறகும் கண்ணாடிச் சட்டத்துக்குள் போய் பூஜையறையில் உட்கார்ந்துகொண்டன. (கடைப் பெயரை மட்டும் கத்தரித்துவிட்டுச் சட்டம் போட்ட மகராசிகளும் உண்டு!)

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடைகளுக்கு இருப்பது வேறு சிக்கல். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமை ஊருக்கு. ஆண்டாளைச் சேவித்துவிட்டு ஒரு கிலோ வாங்கிக்கொண்டு சென்னை பஸ் ஏறுகிறவர் வீட்டில் ரெண்டே நாளில் பால்கோவா காலி, பெட்டி குப்பையில். 'எந்தக் கடைல வாங்கினீங்க?' என்று யாராவது கேட்டால், 'கோயில் பக்கத்துல ஏதோ ஒரு கடை' என்பார். நல்ல சரக்கு போட்டும் பெயர் நிற்காது.

அதற்குத்தான் துணிப்பை. பெட்டி போன பிறகும் பை வீட்டில் இருக்கும். ஒருகாலத்தில் மஞ்சப்பை தூக்கினாலே 'பட்டிக்காட்டான்' என்று கேலி செய்தோம். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று கிளம்பியது. நெசவுக்குப் பெயர்போன சத்திரப்பட்டி ராஜபாளையத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. துணிக்கு வெகுதூரம் அலைய வேண்டியதில்லை.

ஆனால், மெல்லிசுத் துணியில் தைத்து, நாலு கிலோ வெங்காயத்துக்கே காது அறுந்தால், அறுந்த பையோடுதான் உங்கள் கடைப் பெயரும் ஞாபகத்தில் நிற்கும். பிடியை இரட்டைத் தையலாகப் போடச் சொல்லுங்கள். எழுத்தையும் அடக்கமாகப் போடுங்கள். இரண்டு பக்கமும் கொட்டை எழுத்தில் அச்சடித்த பையை, நம் ஆட்கள் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித்தான் கொண்டு போகிறார்கள். கடைப் பெயர், ஊர், கூரியரில் அனுப்பச் சொல்லிக் கேட்க ஒரு போன் நம்பர், இவ்வளவு போதும். அந்த நம்பரை மாற்றாமல் வைத்திருங்கள்.

கால் கிலோ வாங்குகிறவருக்கும் இலவசமாகக் கொடுத்தால் கட்டாது. ஒரு கிலோவுக்கு மேல் வாங்கினால் பை இலவசம், மற்றவர் கேட்டால் அடக்க விலை என்று வைத்துக்கொள்ளலாம். கூச்சப்பட ஒன்றுமில்லை. கோயம்பேடு மார்க்கெட்டில் 2022-ல் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் மெஷினை வைத்தார்கள். ஜனங்கள் காசு போட்டு வாங்கத்தான் செய்தார்கள்.